வாசகர் கேள்விகள்: அட்லாண்டிக்கின் அடியில் ஒரு தந்திக் கம்பி

கேள்வி: அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த முதல் தந்திக் கம்பி 1858ஆம் ஆண்டில் போடப்பட்டது என்று ஒரு நூலிலும், 1866ஆம் ஆண்டில் என்று வேறொரு நூலிலும் படித்தேன். இவற்றுள் எது சரி?

பதில்: இரண்டுமே சரி. 1858இல் போட்ட கம்பி செய்திகளைக் கொண்டு சென்றது. ஆனால் ஏறத்தாழ மூன்று வாரங்களில் ஊமையாகிவிட்டது. 1866இல் போட்டது நிலைத்து நின்றது. எதை ‘முதல்’ என்று எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து ஆண்டு மாறுகிறது.

அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள வலென்ஷியா தீவையும் கனடாவின் கிழக்கு முனையான நியூஃபவுண்ட்லாந்தையும் கம்பியால் இணைக்க வேண்டும் என்ற திட்டத்தின் பின்னால் ஓயாமல் நின்றவர் சைரஸ் ஃபீல்டு என்னும் நியூயார்க் காகித வணிகர். மின்னியலில் அவருக்குப் பயிற்சி எதுவும் கிடையாது. 1856இல் அவர் முயற்சியால் பிரிட்டனில் அட்லாண்டிக் தந்திக் கம்பெனி 3,50,000 பவுண்டு மூலதனத்தில் தொடங்கப்பட்டது. முழுக் கம்பியையும் ஏற்றிச் செல்லக்கூடிய ஒரே கப்பல் அப்போது ஓடிக்கொண்டிருக்கவில்லை என்பதால், பிரிட்டிஷ் போர்க்கப்பலான அகமெம்னானும் அமெரிக்கப் போர்க்கப்பலான நயாகராவும் ஆளுக்குப் பாதியாகச் சுமந்தன. 1857 ஆகஸ்டில் கரையிலிருந்து புறப்பட்ட முதல் முயற்சியில், கம்பியை இறக்கும் இயந்திரத்தின் பிரேக்கை இயக்கியவர் அளவுக்கு மீறி அழுத்தியதால், மூன்றரைக் கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் கம்பி அறுந்து போயிற்று. மறு ஆண்டு ஜூனில் இரு கப்பல்களும் நடுக்கடலில் சந்தித்து, கம்பியின் இரு முனைகளையும் பிணைத்துவிட்டு எதிரெதிர்த் திசைகளில் விலகிச் செல்வது என்று முறையை மாற்றினார்கள். போகும் வழியிலேயே பெரும் புயலில் அகமெம்னான் கவிழாமல் தப்பியது அரிதிலும் அரிது. அம்மாதம் கம்பி பலமுறை அறுந்தது. ஜூலை 29ஆம் நாள் மீண்டும் பிணைத்துப் புறப்பட்டவர்கள் ஆகஸ்டு 5ஆம் நாள் இரு கரைகளையும் அடைந்தார்கள்.

ஆகஸ்டு 16ஆம் நாள் விக்டோரியா அரசி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புக்கானனுக்கு அனுப்பிய 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி கடலைக் கடக்கச் சுமார் 16 மணி நேரம் பிடித்தது. மணிக்கு ஆறு சொற்கள்! அந்த வேகமே நோயின் அறிகுறி என்பதைக் கொண்டாட்டத்தின் இரைச்சலில் யாரும் கவனிக்கவில்லை. நியூயார்க்கில் விட்ட வாணவேடிக்கையில் நகர மன்றக் கட்டடத்தின் கூரை மாடமே தீப்பற்றி எரிந்தது. டிஃபனி நகைக்கடை மிச்சக் கம்பியை நான்கு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, நினைவுப் பொருளாக 50 சென்ட்டுக்கு விற்றது. செப்டம்பர் தொடக்கத்தில் கம்பி அடங்கிவிட்டது.

கேள்வி: ஒயிட்ஹவுஸ் என்ற ஒருவர் மின்னழுத்தத்தை மிகையாகச் செலுத்தி அக்கம்பியைக் கெடுத்துவிட்டதாகச் சொல்லப்படுகிறதே, பழி முழுவதும் அவருடையதுதானா?

பதில்: பெரும்பங்கு அவருடையது, முழுப்பங்கு அவருடையதன்று என்பதே என் கருத்து. வைல்ட்மன் ஒயிட்ஹவுஸ் தொழில்முறையில் அறுவை மருத்துவர்; தாமாகக் கற்ற மின்னியலின் பலத்தில் கம்பெனியின் தலைமை மின்னியலாளர் ஆனவர். அவருக்கு எதிர்நிலையில் இருந்தவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியரும் கம்பெனி இயக்குநர்களில் ஒருவருமான வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு என்று உலகம் அறிந்தவர் இவரே.

கடலுக்கடியில் கிடக்கும் கம்பி, கம்பத்தில் தொங்கும் கம்பியைப் போன்றதன்று. உள்ளே செம்பு, வெளியே உப்புநீர், இடையில் மின்கடத்தா உறை என்னும் இந்த அமைப்பு நீண்டதொரு மின்தேக்கியாகவே, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைத்து மெல்ல விடும் கருவியாகவே இயங்குகிறது. ஒரு முனையில் கொடுக்கும் மின்துடிப்பு மறுமுனையில் கூர்மையாக வந்து சேராமல், மெல்ல எழுந்து மெல்லத் தணியும் அலையாக இழுபடுகிறது. இந்தத் தாமதம் கம்பி நீளத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும், அதாவது நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும் என்று தாம்சன் கணக்கிட்டுக் காட்டினார். எனவே செம்பும் தடிமனாக வேண்டும், உறையும் தடிமனாக வேண்டும், மின்னோட்டம் மென்மையாக இருக்க வேண்டும், அதை உணரும் கருவி நுட்பமாக இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. அந்த விதி கற்பனை என்று ஒயிட்ஹவுஸ் அச்சிலேயே மறுத்தார். செலவும் அவசரமும் அவர் பக்கம் இருந்தன. மெல்லிய கம்பியே தயாராயிற்று.

மறுமுனையில் வலுவற்று வந்த குறிகளைப் படித்தது தாம்சனின் ஆடிக் கால்வனோமீட்டர். பட்டிழையில் தொங்கும் சின்னஞ்சிறு கண்ணாடியின் பின்புறம் காந்தத் துணுக்குகள் ஒட்டப்பட்டிருக்கும். கம்பியில் சிறிதளவு மின்னோட்டம் வந்தாலும் கண்ணாடி திரும்ப, அதில் பட்டுத் தெறிக்கும் விளக்கொளி அளவுகோலின் மேல் இடமோ வலமோ நகரும். வலென்ஷியாவில் இந்தக் கருவியைக் கொண்டு செய்தியைப் பெற்றுவிட்டு, தம் சொந்தக் கருவியே அதைப் பெற்றதுபோல ஒயிட்ஹவுஸ் காட்டிக்கொண்டார் என்பது மன்னிக்கக் கடினமான செய்தி. குறிகள் மங்க மங்க, அவர் பெரிய தூண்டு சுருள்களைக் கொண்டு ஏறத்தாழ 2,000 வோல்ட் அழுத்தத்தைச் செலுத்தினார். உறையில் ஏற்கெனவே இருந்த நலிவுகள் இதனால் துளைகளாயின. அந்த ஆகஸ்டிலேயே கம்பெனி அவரை நீக்கியது.

ஆனால் அந்த நலிவுகள் எப்படி வந்தன என்று கேட்க வேண்டும் அல்லவா? செய்து முடித்த கம்பி வெயிலில் கிடந்தது. சூட்டில் உறை இளகி, நடுவிலிருக்க வேண்டிய செம்பு ஓரத்துக்கு நகர்ந்தது. இரண்டு ஆண்டுகளில் அதைப் பலமுறை சுற்றினார்கள், அவிழ்த்தார்கள், கப்பலில் ஏற்றினார்கள், இறக்கினார்கள். பாதிப் பாதியாக அதைச் செய்த இரு நிறுவனங்களும் வெளிக்கவச இரும்பிழைகளை எதிரெதிர்த் திசைகளில் முறுக்கியிருந்தன என்பது, முனைகளைப் பிணைக்க வேண்டிய வேளை நெருங்கிய பிறகே கண்ணில் பட்டது. செம்பின் தூய்மைக்கும் தரக்கட்டுப்பாடு இல்லை. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் செம்புகளின் கடத்துதிறன் வெகுவாக வேறுபடுவதைத் தாம்சன் அளந்து சொல்லும்வரை எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. நோயுற்ற கம்பிக்கு ஒயிட்ஹவுஸ் கொடுத்த மருந்து அதன் சாவை விரைவுபடுத்தியது என்று சொல்வதே நியாயம்.

கேள்வி: அப்படியானால் 1858ஆம் ஆண்டுக் கம்பியால் எந்தப் பயனும் விளையவில்லையா?

பதில்: விளைந்தது, அதிலும் இந்தியாவோடு தொடர்புடைய பயன். 1857 எழுச்சியை அடக்குவதன் தொடர்பில், கனடாவிலிருந்த இரண்டு பிரிட்டிஷ் படைப்பிரிவுகளுக்குப் புறப்படுமாறு உத்தரவு போயிருந்தது. அதற்குள் தேவை நீங்கிவிட்டதால், புறப்பட வேண்டாம் என்ற மறு உத்தரவு கம்பி சாவதற்குச் சில நாள்களுக்கு முன் அதன் வழியே சென்றது. இதனால் மிஞ்சிய பணம் 50,000 பவுண்டு என்று மதிப்பிடப்பட்டது. அது கம்பெனி மூலதனத்தில் ஏழில் ஒரு பங்கு.

கேள்வி: பிளாஸ்டிக் இல்லாத அக்காலத்தில் கடல்நீருக்குள் மின்சாரம் கசியாமல் இருக்க எதைப் பயன்படுத்தினார்கள்?

பதில்: குட்டா பெர்ச்சா என்னும் மரப்பாலை. மலாய் நாட்டுக் காடுகளில் வளரும் மரத்திலிருந்து வடிவது. வெந்நீரில் இளகும், குளிர்ந்தால் இறுகும். ரப்பர் கடல்நீரில் நாளடைவில் கெட்டுவிடும். குட்டா பெர்ச்சாவோ குளிரும் அழுத்தமும் மிகுந்த ஆழ்கடலில்தான் நன்றாக நீடிக்கும். 1850இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான டோவர் நீரிணையில் போட்ட கம்பிக்கு இந்த உறை மட்டுமே இருந்தது. அது உடனே அறுந்தது. மறு ஆண்டு இரும்புக் கவசத்துடன் போட்டது பிழைத்தது. செம்பு, மரப்பால், இரும்பு என்ற இந்த மூன்றடுக்கு முறை பிறகு பல்லாண்டுகள் மாறவில்லை. மலாய்க் காடுகளில் அந்த மரங்கள் லட்சக்கணக்கில் வெட்டிச் சாய்க்கப்பட்டதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி.

கேள்வி: 1865இல் நடுக்கடலில் அறுந்து மூழ்கிய கம்பியை மறு ஆண்டு மீட்டெடுத்தார்கள் என்பது நம்பும்படியாக இல்லை. நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் விரல் தடிமனுள்ள கம்பியை எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

பதில்: உங்கள் ஐயம் இயல்பானது, அக்காலத்துப் பொறியாளர் பலருக்கும் அது இருந்தது. 1858 தோல்விக்குப் பிறகு அரசும் கம்பெனியும் சேர்ந்து அமைத்த விசாரணைக் குழு 1861இல் தந்த அறிக்கையின் விளைவாகப் புதிய கம்பி வேறு தரத்தில் உருவாயிற்று. ஒரு கடல்மைலுக்குச் செம்பு 48 கிலோவிலிருந்து 136 கிலோவாகவும், உறை 118 கிலோவிலிருந்து 181 கிலோவாகவும் கூடின. கம்பியை வெயில் படாமல் தண்ணீர்த் தொட்டிகளில் வைத்தார்கள். அதன் முழு நீளத்தையும் ஒரே கப்பல் சுமந்தது. பயணிகள் கப்பலாகக் கட்டப்பட்டு அந்தத் தொழிலில் நட்டம் மட்டுமே கண்ட, 211 மீட்டர் நீளமுள்ள கிரேட் ஈஸ்டர்ன்தான் அது.

1865 ஜூலையில் புறப்பட்ட அக்கப்பல் மூன்றில் இரண்டு பங்கு தூரம் கடந்த நிலையில், ஆகஸ்டு 2ஆம் நாள், பழுது பார்ப்பதற்காகக் கம்பியை மேலே இழுத்தபோது அது அறுந்து கடலுக்குள் போயிற்று. கம்பி கிடக்கும் கோடு தெரியும். அறுந்த இடத்தைச் சூரியனை அளந்து குறித்து வைத்திருந்தார்கள். ஐந்து முனைக் கொக்கி ஒன்றை மிக நீண்ட வடத்தில் கட்டி இறக்கிவிட்டு, அந்தக் கோட்டுக்குக் குறுக்காகக் கப்பலை மிதக்கவிட்டார்கள். கொக்கி தரையைத் தொடவே சுமார் இரண்டு மணி நேரம் ஆயிற்று. கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டியால் துழாவுவதற்கும் இதற்கும் முறையில் வேறுபாடு இல்லை, அளவில்தான். கம்பி அகப்பட்டது, ஆனால் மேலே வரும் வழியில் வடம் அறுந்தது. வடம் தீரும்வரை முயன்றுவிட்டுத் திரும்பினார்கள்.

1866 ஜூலை 13ஆம் நாள் மற்றொரு புதிய கம்பியுடன் புறப்பட்டு, 27ஆம் நாள் நியூஃபவுண்ட்லாந்தின் ஹார்ட்ஸ் கன்டென்ட் கிராமத்தில் அதைக் கரை சேர்த்த பின், கிரேட் ஈஸ்டர்ன் பழைய இடத்துக்குப் போயிற்று. சுமார் 30 முறை கொக்கி இறங்கியது. ஒரே இடத்தில் தூக்கினால் தன் எடையாலேயே கம்பி அறுந்துவிடும் என்பதால், துணைக்கப்பல்களும் வேறு இடங்களில் அதைப் பிடித்துப் பளுவைப் பகிர்ந்தன. ஒரு பக்கத்தில் வேண்டுமென்றே அறுத்து இழுவிசையைத் தணித்தார்கள். செப்டம்பர் 2ஆம் நாள் விடியும் முன் கம்பி மேல்தளத்துக்கு வந்தது. வலென்ஷியாவில், ஓராண்டாக அசையாதிருந்த ஒளிப்புள்ளியைக் காவல் காத்துக்கொண்டிருந்தவர் அது திடீரென நகர்வதைக் கண்டார். மிச்சத் தூரத்தையும் பிணைத்து, செப்டம்பர் 8ஆம் நாள் இரண்டாவது கம்பியையும் கரை சேர்த்தார்கள்.

பின்பு லாட்டிமர் கிளார்க் என்னும் பொறியாளர் நியூஃபவுண்ட்லாந்து முனையில் இரண்டு கம்பிகளையும் இணைக்கச் செய்து, வலென்ஷியாவில் இருந்தபடியே, தைக்கும்போது விரலில் மாட்டும் வெள்ளி உறையில் சிறிது அமிலமும் துத்தநாகமும் இட்டு ஒரு மின்கலம் செய்து, அட்லாண்டிக்கை இருமுறை கடந்து வந்த குறியைப் பெற்றார். இந்த ஒரு செயலே ஒயிட்ஹவுஸின் 2,000 வோல்ட்டுக்குப் போதுமான மறுமொழி.

கேள்வி: அந்தக் கம்பியில் பேச முடிந்ததா? பொதுமக்கள் பயன்படுத்தினார்களா?

பதில்: பேச முடியாது; புள்ளியும் கோடும் மட்டும்தான். தொடக்கத்தில் 20 சொற்களுக்குள் அடங்கும் செய்திக்கு 20 பவுண்டு கட்டணம் என்பதால் அரசுகளும் வணிகர்களும் செய்தித்தாள்களுமே வாடிக்கையாளர்கள். குரல் கடலைக் கம்பி வழியே கடக்க, வழியில் தேயும் குறியை ஆழ்கடலிலேயே பெருக்கும் கருவிகள் தேவைப்பட்டன. அவற்றைக் கொண்ட முதல் அட்லாண்டிக் தொலைபேசிக் கேபிள் ஸ்காட்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே 1956 செப்டம்பர் 25இல் திறக்கப்பட்டது. ஒரே நேரத்தில் 36 உரையாடல்களை அது தாங்கியது. உறையும் குட்டா பெர்ச்சாவிலிருந்து பாலித்தீனுக்கு மாறியிருந்தது. ஒளியிழைக் கேபிள் அதே கடலில் 1988இல் வந்தது. ஹார்ட்ஸ் கன்டென்ட் தந்தி நிலையம், தொலைபேசிக் கேபிள் வந்த பிறகும் ஒன்பது ஆண்டுகள் இயங்கி, 1965இல்தான் மூடப்பட்டது.