பழைய ஏர்ஃபிக்ஸ் பிளாஸ்டிக் மாடல் கிட்டின் செய்முறைத் தாள் மடிப்பில் கிழிகிறது, எப்படிக் காப்பாற்றுவது?

முதலில், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். பிறகு பிரிக்க வழியில்லை. செல்லோடேப்பும் வேண்டாம்; அதன் பசை தாளில் ஊறிப் பழுப்புக் கறையாகிவிடும்.

அந்தக் காலத்தில் பையில் போட்டு விற்ற கிட்களில், பையின் வாயை ஸ்டேப்ளர் அடித்து மூடிய மடிப்புத் தாளின் உட்புறமே செய்முறை. அதனால் பெரிய எதிரி ஸ்டேப்ளர் பின்தான். துருப்பிடித்த பின்னைப் பிடித்து இழுத்தால் தாளும் பிய்ந்து வரும். பின்புறக் கால்களை மெல்லிய கத்தி முனையால் நிமிர்த்தி, மெதுவாக வெளியே தள்ளுங்கள்.

எதையும் ஒட்டும் முன் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்துவிடுங்கள். மாடல் கட்டும்போது மேசையில் அந்தப் பிரதி போதும்.

கிழிசலுக்கு ஜப்பானிய டிஷ்யூ தாளும் (நீண்ட நார்கள் கொண்ட மெல்லிய தாள்) கோதுமை ஸ்டார்ச் பசையும். டிஷ்யூவைக் கத்தரிக்காதீர்கள், ஈரத் தூரிகையால் கோடு இழுத்துக் கையால் கிழியுங்கள். நார் நீட்டிய ஓரம்தான் தடம் தெரியாமல் படியும். மை கரைகிறதா என்று ஈரப் பஞ்சால் ஒரு மூலையில் பார்த்துவிட்டு, பசையை மிகக் கொஞ்சமாகத் தடவுங்கள். நீர் கூடினால் தாள் சுருங்கும், ஈரம் பரவிய விளிம்பில் கறை விழும். ஒட்டியபின் இருபுறமும் ஒட்டாத பாலியெஸ்டர் துணி, அதன்மேல் மையொற்றுத் தாள், கனமான புத்தகம். ஓர் இரவு அப்படியே இருக்கட்டும்.

பாலியெஸ்டர் உறையில் விரித்தே வையுங்கள். பிவிசி உறை ஆகாது.