கார்ன்ட் பீஃப் முட்டைக்கோஸ் நிஜமாகவே ஐரிஷ் சமையல்தானா? வீட்டில் எப்படிச் செய்வது?

கார்ன்ட் பீஃப் என்றால் உப்பில் ஊறவைத்த மாட்டுக்கறி. கேட்டவர் அமெரிக்கா வந்து அதிக நாள் ஆகாதவர், மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் தினம் என்கிற ஐரிஷ் பண்டிகைக்கு ஆபீஸில் பாட்லக் (ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து), அதற்குள் யாரோ "இதெல்லாம் அயர்லாந்திலேயே கிடையாது" என்று கொளுத்திப் போட்டிருக்கிறார். இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மாட்டுக்கறி தொடாதவர்கள் தாராளமாகக் கடந்து போகலாம், கமெண்டில் வந்து பாடம் எடுக்க வேண்டாம்.

எங்கள் ஆபீஸிலும் அப்படி ஒருத்தர் உண்டு. நான் இருப்பது பாஸ்டன் பக்கம், ஐரிஷ் வம்சாவளி ஆட்கள் நிறைந்த ஊர். ரிசப்ஷனில் இருக்கும் வயதான அம்மா, பாட்டி கைப்பக்குவம் என்று ஒரு பெரிய தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார். டப்ளினுக்கு டூர் போய் வந்திருந்த நம்மவர் ஒருவர் (ஆமாம், தமிழர்தான்), அங்கே பன்றிக்கறியும் முட்டைக்கோஸும்தான் சாப்பிடுகிறார்கள், இது போலி என்று அந்த அம்மா முகத்துக்கு நேரேயே சொன்னார். அந்த அம்மா சிரித்துச் சமாளித்துவிட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது.

டப்ளின் போய் வந்தவர் சொன்னதில் பாதி சரி என்பதுதான் எரிச்சல். அயர்லாந்தில் ஏழை வீட்டுக்கு மாடு என்றால் பாலும் உழவும். கறி என்றால் உப்பிட்ட பன்றிதான். ஆனால் மாட்டுக்கறியை உப்பில் ஊறவைத்து உலகத்துக்கே அனுப்பியதும் அதே அயர்லாந்துதான். 1663, 1667 சட்டங்களால் ஐரிஷ் மாடுகள் இங்கிலாந்துக்குள் நுழைய முடியாமல் போனதும் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் கறியைப் பீப்பாயில் உப்பிட்டு அடைத்துக் கப்பல்களுக்கும் கரீபியன் தோட்டங்களுக்கும் ஏற்றினார்கள். உப்பிட்டவனுக்கு அதை வாங்கித் தின்ன வக்கில்லை, உருளைக்கிழங்கை நம்பி இருந்தான். 1845இல் கிழங்குக்கு நோய் வந்து தொடங்கிய பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். அப்படி வந்தவர்களுக்கு நியூயார்க் மாதிரி ஊர்களில் பன்றியைவிட மாட்டின் நெஞ்சுக்கறி மலிவாகக் கிடைத்தது, பெரும்பாலும் யூதர்களின் கறிக்கடையில். காய்களில் முட்டைக்கோஸ் மலிவு. பிழைக்கப் போன இடத்தில் கையில் இருந்த காசுக்கு வாங்கிச் சமைத்ததைப் போலி என்று சொல்ல நமக்கு என்ன வாய் இருக்கிறது? இதை அவரிடம் அங்கேயே சொன்னேன். அன்றிலிருந்து லிஃப்டில் பார்த்தால் போனை எடுத்துக்கொள்கிறார், போகட்டும்.

சரி, சமையல். மார்ச்சில் ஏற்கெனவே உப்பில் ஊறவைத்த பிரிஸ்கெட் (அதே நெஞ்சுக்கறி) பாக்கெட்டில் மலிவாகவே வரும். அதில் சீராக நறுக்க வேண்டுமென்றால் ஃப்ளாட் என்கிற தட்டையான பகுதி, கொழுப்பு பிடிக்குமென்றால் பாயிண்ட் என்கிற பகுதி. வெந்தால் மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடும், கணக்குப் போட்டு வாங்குங்கள். வீட்டிலேயே ஊறவைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதற்கான பிங்க் க்யூரிங் சால்ட் வேறு, நம் இந்துப்பு வேறு. முன்னதில் 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட், அளவு மீறினால் விஷம். கறி வெந்த பிறகும் சிவப்பாக இருப்பது இந்த க்யூரிங் சால்ட்டால்தான். பாஸ்டன் பக்கம் சில கடைகளில் அது இல்லாமலே ஊறவைத்த சாம்பல் நிறக் கறியும் கிடைக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

கறியைக் கழுவி, மூழ்கும்வரை பச்சைத் தண்ணீர் ஊற்றி, கூடவே வரும் கடுகு, மல்லி, மிளகு, பே இலைப் பொட்டலத்தைக் கொட்டி அடுப்பில் வையுங்கள். தளதளவென்று கொதிக்க விடாதீர்கள், ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி எழும்பினால் போதும். ஒன்றரை கிலோவுக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். முள்கரண்டி தடையில்லாமல் இறங்க வேண்டும். குக்கரில் வேகாதா என்று கேட்பீர்கள். வேகும், ஆனால் நார்நாராகப் பிரிந்து துண்டு போட வராது. கடைசி அரை மணியில் உருளைக்கிழங்கு, கேரட்; முட்டைக்கோஸைத் தண்டோடு பெரிய துண்டாக நறுக்கிக் கடைசிக் கால் மணியில் போடுங்கள். உப்பு போடவே வேண்டாம். கறியை எடுத்துக் கொஞ்சம் ஆறவிட்டு நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள், நார் போகும் வாக்கில் வெட்டினால் மென்று முடியாது.

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், முட்டைக்கோஸ் வெந்த நாற்றம் லேசில் போகாது. இதில் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. நான் கருவாட்டுக் குழம்பு வைத்த மறுநாளே அபார்ட்மென்ட் நிர்வாகத்திடமிருந்து "கடும் வாசனையுள்ள சமையல்" பற்றி ஈமெயில் வந்தது. மார்ச் 17 அன்று அதே காரிடாரில் மூன்று மாடிக்கும் முட்டைக்கோஸ் நாறுகிறது, ஒரு ஈமெயிலும் காணோம். கேட்டால் பண்டிகையாம். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கருவாடு பண்டிகையில் சேராதா?