மனாலிக்குப் போகும் பெண்ணுக்கு பி.இ. சீட்டு எதற்கு?

"மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். போன வருஷம் மனாலியில் (நம்ம மணலி இல்லை) பனிச்சறுக்கு அடிப்படைக் கோர்ஸ் படித்தவள், இனி ஒவ்வொரு ஜனவரியும் போகணும் என்கிறாள். என் அண்ணன் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பேசி வைத்திருக்கிறார். இரண்டையும் சமாளிக்க முடியுமா? அவளுக்கு பி.காம். மேல்தான் ஆசை."
தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அம்மா.

கவலை புரிகிறது அம்மா. ஆனால் கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்.

அண்ணன் சொல்லும் வழி நடக்காது. பனிப் பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. இரண்டாம் செமஸ்டர் வகுப்புகளும் அப்போதுதான். கோர்ஸ் 14 நாள். சென்ட்ரலில் ரயிலேறி டெல்லி, அங்கிருந்து ராத்திரி பஸ் என்று போகவர ஆறு நாள். ஞாயிறுகளைக் கழித்தால், சனிக்கிழமையும் வகுப்பு வைக்கும் கல்லூரியில் 17 நாள் ஆப்சென்ட். 75 வேலைநாள் செமஸ்டரில் 75 சதவீத வருகைக்கு விடக்கூடியதே 18 நாள். ஒரு காய்ச்சல் வந்தால் தீர்ந்தது. விளையாட்டுக்கு 65 சதவீதம் வரை தளர்வு உண்டே என்பார் அண்ணன். அது போட்டியில் ஆடப் போகிறவர்களுக்கு. பயிற்சி கோர்ஸ் போட்டி ஆகாது.

உங்கள் வீட்டில் யாரும் எட்டிப் பார்க்காத வழி இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.காம். மத்தியப் பல்கலைக்கழகம், தினசரி வருகைக் கணக்கு கிடையாது, தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். ஜனவரி முதல் மார்ச் வரை மலை அவளுக்கே. மதிப்பெண்ணில் 30 சதவீதம் அசைன்மென்ட், 70 சதவீதம் தேர்வு. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஜூன் தேர்வுக்கான அசைன்மென்ட் கெடு வழக்கமாக மார்ச் இறுதியை ஒட்டி வரும். கேள்விகள் இணையதளத்தில் வந்த உடனே எழுத ஆரம்பிக்கட்டும்; இறங்கி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால் கெடு போய்விடும். அட்மிஷன் போட்டாலே தேர்வுக்குப் பெயர் வந்துவிடாது. தேர்வுப் படிவத்தைத் தனியாக ஆன்லைனில் நிரப்பிப் பணம் கட்ட வேண்டும். மற்ற மாதங்களில் டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொண்டு, துறைமுகத்தை ஒட்டி, சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் ஏஜென்சி எதிலாவது பகுதிநேர வேலைக்குக் கேட்கட்டும்.

ஒலிம்பிக் பேச்சை வீட்டில் எடுக்காதீர்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரர் ஆரிஃப் கான், குல்மர்க் சரிவுகளில் சிறுவயதிலிருந்தே சறுக்கியவர். நம் ஊர்ப் பிள்ளைக்கு ஓரளவு வாய்ப்புள்ளது, ஏற்ற இறக்கமான பாதையில் நெடுந்தூரம் சறுக்கிப் போகும் கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கு. அதற்கு ரோலர் ஸ்கீயில் (சக்கரம் வைத்த ஸ்கீ) தார்ச் சாலையிலேயே பழகலாம், முதலில் இன்லைன் ஸ்கேட் (ஒரே வரிசையில் சக்கரம் வைத்த ஸ்கேட்) போதும். ரோலர் ஸ்கீயில் பெரும்பாலும் பிரேக் கிடையாது. அதனால் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வேண்டவே வேண்டாம். மூடிய மைதானம் தேடுங்கள்.

பணத்தில் கறாராக இருங்கள். சொந்த ஸ்கீ, பூட்ஸ் எதுவும் இப்போது வாங்கக் கூடாது. மனாலி அரசு நிலையத்தில் தங்குமிடம், சாப்பாடு, கருவிகள் எல்லாம் கோர்ஸ் கட்டணத்திலேயே அடக்கம். அங்கே பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு இணைக்கும் பூட்டு) பூட்டும்போது எடையைக் கூட்டிச் சொல்லாமல் உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். கூட்டிச் சொன்னால் இறுக்கமாக வைப்பார்கள். விழும்போது ஸ்கீ கழலாமல் முழங்கால் தசைநார் கிழியக்கூடும். கோட்டா சீட்டுக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை என்றால், கட்டாதீர்கள்.