‘ஷுட்’ என்றால் விட்டுவிடலாமா?

ஆர்எஃப்சியில் (இணையத் தொழில்நுட்ப விதிகளை எழுதிய ஆவணம்) ‘ஷுட்’ (SHOULD) என்று இருந்தால் விட்டுவிடலாம் என்கிறார் எங்கள் டீம் லீட். சரியா? (திருவொற்றியூர்)

தவறு. இந்தச் சொற்களுக்கு அர்த்தம் சொல்லும், 1997-ல் வந்த ஆர்எஃப்சி 2119-ஐ அவரையே படிக்கச் சொல்லுங்கள். தக்க காரணம் இருந்து, விளைவையும் எடைபோட்ட பிறகுதான் ‘ஷுட்’டை மீறலாம். மீறினால் காரணத்தை எழுதி வையுங்கள். விருப்பம்போல் விடக்கூடியது ‘மே’ (MAY) மட்டும்.

சின்ன எழுத்தில் ‘மஸ்ட்’ (must) வந்தால்? (வியாசர்பாடி)

2017-ன் ஆர்எஃப்சி 8174-படி பெரிய எழுத்துக்குத்தான் அந்தத் தனி அர்த்தம். சின்ன எழுத்து என்றால் சாதாரண ஆங்கிலம்.

மணலியில் ஒரு ஃப்ளோ மீட்டர். மோட்பஸில் (தொழிற்சாலைக் கருவிகள் டேட்டா பரிமாறும் முறை) 40108-ம் ரெஜிஸ்டரைப் (மதிப்பு வைக்கும் இடம்) படித்தால் கன்னாபின்னாவென்று வருகிறது. ஏன்? (மணலி)

என்ன மாடல், மேனுவலில் எந்தப் பக்கம், வந்த பைட்டுகள் என்ன? ஒன்றையும் எழுதாமல் ‘ஏன்’ என்றால் எப்படிச் சொல்வது? அடுத்த முறை பைட்டுகளை அப்படியே அனுப்புங்கள்.

முதலில், 40108 என்பது மேனுவல் எண். மேனுவலில் 40001-லிருந்து எண்ணுவார்கள், ஒயரில் பூஜ்யத்திலிருந்து. அதனால் ஒயரில் போக வேண்டியது 107. சில கம்பெனிகள் மேனுவலிலேயே ஒயர் எண்ணைப் போடுவார்கள், அதனால் 107, 108 இரண்டையும் படித்துப் பாருங்கள்.

அப்புறம் வேர்டு ஆர்டர். மோட்பஸ் ஸ்பெக்கின் டேட்டா மாடலில் இருப்பது 1 பிட்டும் 16 பிட்டும்தான். 32-பிட் ஃப்ளோட்டை (தசம எண்) இரண்டு ரெஜிஸ்டரில் வைக்கும்போது எந்தப் பாதி முன்னால் என்பது தயாரிப்பாளர் இஷ்டம். 123.456 என்பது ஹெக்ஸில் (16 அடிமான எண்) 42F6 E979. பாதிகளை மாற்றிப் படித்தால் மைனஸில் 25 இலக்கத்துக்கு மேல் போகும். 100 என்பது 42C8 0000. அதை மாற்றிப் படித்தால் கிட்டத்தட்ட பூஜ்யம். இதுதான் ஆபத்து, ஓட்டமே இல்லை என்று நினைத்துவிடுவோம். எண்ணூர் பக்கம் ஒரு பம்ப் ஹவுஸில் இதற்காக இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். சப்ளையரின் மேனுவலில் ‘ஃப்ளோட், 2 ரெஜிஸ்டர்’ என்பதோடு சரி. ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் போதும். ஆர்டர் கொடுக்கும் முன்பே மாதிரி மதிப்பையும் அதன் நான்கு பைட்டையும் எழுத்தில் வாங்குங்கள். ஃபோனில் சொன்னதை நம்பாதீர்கள்.

டிசிபியில் (இணையத்தில் டேட்டா அனுப்பும் முறை) அவசர டேட்டா எங்கே முடிகிறது என்று சொல்லும் அர்ஜென்ட் பாயின்டர் காட்டுவது அதன் கடைசி பைட்டையா, அதற்கு அடுத்ததையா? (தண்டையார்பேட்டை)

அடுத்ததை. 1981-ன் ஆர்எஃப்சி 793 இரண்டு விதமாகவும் பேசியது. 1989-ல் 1122 ‘கடைசி’ என்றது. ஆனால் பெரும்பாலோர் ‘அடுத்தது’ என்றே எழுதியிருந்ததால் 2011-ல் 6093 அதையே விதியாக்கியது. புது புரோகிராமில் இதைத் தொடவே வேண்டாம், அதுவும் அதே ஆர்எஃப்சி சொல்வதுதான்.

ஆர்எஃப்சிகளின் எர்ராட்டாவை (பிழைதிருத்தக் குறிப்புகளை) நம்பலாமா? (ராயபுரம்)

‘வெரிஃபைட்’ என்றிருந்தால் நம்பலாம். ‘ரிப்போர்ட்டட்’ என்றால் யாரோ எழுதிப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.