செக்கும் ஆதாரும் அந்தம்மா கையில, ஸ்டேஷனுக்கு போனா என்னையே பிடிப்பாங்களா?

மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க, பேர் வேண்டாம். அண்டியாபீஸ்ல (முந்திரி ஆலை) வேலை பார்த்தவங்க, வீட்டுக்காரர் இல்ல, மகளோட ஆபரேஷனுக்கு ஒரு அம்மாகிட்ட 40,000 வாங்கியிருக்காங்க. வட்டி கட்ட முடியாம போக அந்தம்மாவே பாலியல் தொழிலுக்கு லாட்ஜுக்கு அனுப்ப ஆரம்பிச்சிருக்கு. கிடைக்கிறதுல பாதி அதுக்கு, கடன் மட்டும் அப்படியே நிக்குது. செயின், ஆதார், வெறும் கையெழுத்து போட்ட செக் எல்லாம் அங்க. "போனா செக் கேஸ் போடுவேன், போலீஸ் உன்னத்தான் பிடிக்கும்"னு மிரட்டுதாம்.

அக்கா, மொத பயத்தை விடுங்க. வயசு வந்த பொம்பளை தன் விருப்பத்துல இந்த தொழில் செய்றது மட்டும் குற்றம் இல்ல, ரெய்டு வந்தாலும் அரெஸ்ட் பண்ணவோ தொந்தரவு பண்ணவோ கூடாதுன்னு 2022 மே மாசம் சுப்ரீம் கோர்ட் உத்தரவுல கமிட்டி பரிந்துரையா இருக்கு, ஆனா ரெய்டு பத்தின அந்த பரிந்துரையை கோர்ட் அப்ப கட்டாயமாக்கல. அதுபோக பஸ் ஸ்டாண்ட்ல நின்னு ஆள் கூப்பிட்டா 1956 விபச்சாரத் தடுப்பு சட்டத்தோட 8வது பிரிவு இன்னும் இருக்கு, கோவில், ஆஸ்பத்திரிக்கு 200 மீட்டருக்குள்ளன்னா 7வது பிரிவு. கன்னியாகுமரியில எந்த லாட்ஜுக்கு பக்கத்துல கோவில் இல்ல சொல்லுங்க, அதான் தனியா ஸ்டேஷனுக்கு போகாதீங்கங்கிறேன்.

இப்ப அந்தம்மா கதைக்கு வருவோம். அதே 1956 சட்டத்துல 6வது பிரிவுன்னு ஒண்ணு உண்டு, நம்ம ஆளுங்க யாரும் படிக்கிறதே இல்ல. ஒரு பொண்ணை போகவிடாம வைக்கணும்னு அவ நகை, துணி, காசு, மத்த பொருள பிடிச்சு வச்சாலே அடைச்சு வச்சதாத்தான் கோர்ட் எடுத்துக்கும், தண்டனை சாதாரணமா 7 வருஷத்துக்கு கொறையாது. அதே பிரிவு இன்னொண்ணும் சொல்லுது, அப்படி வச்சிருந்த ஆளு "எனக்கு பாக்கி"ன்னு உங்க மேல சிவில் கேஸும் போட முடியாது, கிரிமினல் கேஸும் போட முடியாது. செக் கேஸும் அதுல அடங்கும்னுதான் நான் வாதாடுவேன். "தெனமும் வீட்டுக்குத்தானே போறா, எங்க அடைச்சோம்"னு எதிர் வக்கீல் கேப்பாரு, கண்டிப்பா கேப்பாரு. அதுக்குத்தான் ஆதாரம் வேணும்.

ஜிபேல பாதி காசு அனுப்பும்போது "மீன் காசு"ன்னு எழுதி அனுப்புவேன்னு சொல்லியிருக்கீங்களே, அதுல ஒண்ணக்கூட அழிச்சிராதீங்க. மிரட்டுற வாய்ஸ் மெசேஜ வேற போனுக்கு அனுப்பி வைங்க. செக் நம்பர் பாஸ்புக்குலயோ செக்புக் அடிக்கட்டையிலயோ இருக்கான்னு பாருங்க. ஆதார் கார்டு போச்சேன்னு அழாதீங்க, உங்க கைரேகை உங்க கையிலதான இருக்கு, சென்டர்ல போய் திரும்ப எடுத்துக்கலாம்.

நாகர்கோவில் கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. பொம்பளைங்களுக்கு வருமானமே கேக்காம ஃப்ரீயா வக்கீல் தருவாங்க, 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம். அந்த வக்கீலோட சேர்ந்து எஸ்.பி. ஆபீஸ்ல எழுத்துல புகார் குடுங்க, ரசீது வாங்காம வெளிய வராதீங்க. கடன் வாங்குன தேதியும் செயின் எத்தனை பவுன்ங்கிறதும் புகார்ல மறக்காம எழுதுங்க, அத நீங்க எனக்கு எழுதவே இல்ல.