மழை வீதிக்கும் ஈரமான பந்தயத் தடத்துக்கும் ஒரே டயர் போதுமா?

மட்டக்களப்பில் நாளாந்தம் ஓட்டும் காரையே மழை நாளில் கட்டுக்குருந்த பந்தயத் தடத்திலும் ஓட்ட ஒரே தொகுதி டயர் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும்; ஆனால் அது பந்தயத்துக்கென, குறைவான பள்ளங்களோடு செய்யப்படும் செமி-ஸ்லிக் வகையாக இருக்கக் கூடாது.

அவ்வகை டயர் உலர்ந்த தரையில் மிக நன்றாகப் பிடித்தாலும், அதன் தவாளிப்புகள் (மேற்பரப்பிலுள்ள பள்ளங்கள்) ஆழம் குறைந்தவை என்பதால், தேங்கிய நீரை வெளியேற்ற முடியாமல் நீர்ப்படலத்தின் மேல் மிதக்கத் தொடங்கும். அந்தக் கணத்தில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் உதவா. மார்கழி மழையில் கல்லடியிலிருந்து கல்முனை நோக்கிக் குடும்பத்தோடு செல்பவருக்கு இது ஏற்கத்தக்க ஆபத்து அன்று.

ஈரப்பிடிப்பில் சிறந்த, வீதிக்கான உயர்செயற்றிறன் டயரையே நான் பரிந்துரைப்பேன். பக்கச்சுவரில் டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் காட்டும் தேய்மான எண் (Treadwear) 300 அளவிலும், ஈரப்பிடிப்புக் குறி (Traction) மிக உயர்ந்த தரமான ‘ஏஏ’ என்றும் இருந்தால் நல்லது; எனினும் அக்குறி நேர்கோட்டில் பிரேக் பிடிக்கும் சோதனையை மட்டுமே காட்டுகிறது, வளைவையோ நீரில் மிதப்பதையோ அன்று. ஆகவே தவாளிப்பின் ஆழத்தையே முதன்மையாகக் கவனியுங்கள்: புதிய டயரில் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் இருக்கும், தவாளிப்பினுள் உள்ள தேய்மானக் குறிக்கட்டை 1.6 மில்லிமீற்றரில் தெரியவரும் என்றாலும், 3 மில்லிமீற்றரிலேயே மாற்றிவிடுவது பாதுகாப்பானது.

அகலமான டயர் நீரில் எளிதில் மிதக்கும் என்பதால், காருக்குரிய அளவைத் தாண்ட வேண்டாம். ஈரத் தடத்தில் காற்றழுத்தத்தைக் குறைப்பதும் அதே தீங்கையே தரும்.