பதில்: எமோஜி போட்டால் மட்டும் படிவம் சேமிக்க மாட்டேன் என்கிறது

வெறும் தமிழ் என்றால் சேமிக்கிறது, எமோஜி சேர்த்தால் 'நன்றி' பக்கம் வந்தும் டேபிளில் பதிவு இல்லை என்கிறீர்கள். படிவத்தைக் குடைய வேண்டாம். டேபிளின் கேரக்டர் செட் (எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் முறை) 'யுடிஎஃப்8' ஆக இருக்கும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் அதற்கு ஓர் எழுத்துக்குறிக்கு 3 பைட்தான் இடம். தமிழ் அதில் அடங்கிவிடும், எமோஜிக்கு 4 வேண்டும். தவறான தரவை ஏற்காத ஸ்ட்ரிக்ட் மோடில், பிழை 1366 என்று இன்சர்ட்டை (பதிவைச் சேர்க்கும் கட்டளையை) தள்ளிவிடும்.

பேக்கப் எடுத்துவிட்டு டேபிளை 'யுடிஎஃப்8எம்பி4'க்கு மாற்றுங்கள். பிஎச்பியில் கனெக்‌ஷன் திறந்ததும் செட் சார்செட்டிலும் அதையே கொடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பழைய மைஎஸ்க்யூஎல் 5.6 சர்வர் என்றால், இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) உள்ள வார்ச்சார் 255 நெடுவரிசை, அதாவது 255 எழுத்துக்குறி வரை கொள்வது, இன்டெக்ஸின் 767 பைட் வரம்பில் இடிக்கும், 191 ஆக்குங்கள்.

சேமிக்காமலே நன்றி சொல்வது தனிக் கோளாறு. இன்சர்ட்டை ஓட்டும் எக்ஸிக்யூட் என்ன திருப்பியது, வெற்றியா தோல்வியா என்று பார்க்காமல் நன்றி பக்கத்துக்கு ரீடைரக்ட் செய்கிறீர்கள். பிஎச்பி 8.1க்கு முன், பிஎச்பியை மைஎஸ்க்யூஎல்லோடு இணைக்கும் மைஎஸ்க்யூஎல்ஐ பிழை வந்தாலும் தானாகக் கத்தாது. பிழை எறியும்படி மைஎஸ்க்யூஎல்ஐ ரிப்போர்ட்டை நீங்களே இயக்க வேண்டும்.